உடைந்து நிற்கும் சிவப்புக் கோபுரம்

சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் ஓர் ஓவியம் இருக்கிறது. கிட்டத்தட்ட 160 செ.மீ. உயரம், 130 செ.மீ. அகலம். இரண்டு ஓரங்களிலும் மங்கிய நிறத்தில் அடுக்குமாடி வீடுகள், நாடகத் திரையை ஒதுக்கிப் பிடித்ததுபோல நிற்கின்றன. நடுவில் ஈபிள் கோபுரம், பழுக்கக் காய்ச்சிய இரும்பின் சிவப்பில். ஆனால் அஞ்சலட்டையில் பார்த்துப் பழகிய கோபுரம் இல்லை அது. ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு இடத்தில் நின்று பார்த்ததுபோல இருக்கிறது. வானமும் பின்னால் சும்மா இருக்கவில்லை. நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாகத் துண்டு துண்டாகிக் கோபுரத்துக்குள்ளேயே புகுந்து வருகிறது. இந்தப் படத்தை முதலில் அச்சில் பார்த்தபோது ஏதோ நிலநடுக்கத்தை வரைந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வரைந்தவர் ரொபேர் டெலோனே. 1911-இல் வரைந்து, 1923-இல் மறுபடி கை வைத்த படம். பெயர் ‘ஷான் த மார்ஸ்: சிவப்புக் கோபுரம்’. 1909 முதல் 1912 வரை டெலோனே இதே கோபுரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த ஆண்டுகளைத் தன்னுடைய ‘அழிக்கும் காலம்’ என்று பிற்பாடு அவரே சொன்னார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒழுங்காக நின்ற ஒரு கட்டடத்தைப் போட்டு உடைத்த படம் இது என்று பலரும் விளக்குகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்தக் கட்டடம் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான் வரைந்திருக்கிறார் என்பது என் எண்ணம். அதைச் சொல்ல, படத்தை விட்டுவிட்டுக் கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சியின் நூறாவது ஆண்டான 1889-இல் பாரிஸ் ஒரு பெரிய உலகப் பொருட்காட்சி நடத்தியது. வந்து போனவர்கள் 3 கோடிக்கும் மேல். அதற்கு நுழைவாயிலாக, ஷான் த மார்ஸ் மைதானத்தின் ஆற்றங்கரை ஓரத்தில் எழுந்ததுதான் ஈபிள் கோபுரம். குஸ்தாவ் ஈபிளின் பெயர் நிலைத்துவிட்டது என்றாலும், 1884-இல் முதல் வரைபடத்தைப் போட்டவர்கள் அவருடைய நிறுவனத்துப் பொறியாளர்கள் மோரிஸ் கோஷ்லனும் எமில் நூகியேவும். அடியில் அழகாக வளையும் அந்த வளைவுகளைச் சேர்த்தவர் ஸ்டீபன் சொவெஸ்த்ர் என்ற கட்டடக் கலைஞர். அவை பாரம் தாங்குவதில்லை. பார்ப்பவர் மனத்துக்குத் தைரியம் கொடுக்க வைத்தவை என்று சொல்லலாம்.

18,038 இரும்புத் துண்டுகள், 25 லட்சம் ரிவெட் ஆணிகள், 7,300 டன் இரும்பு. 1887 ஜனவரியில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கி, 1889 மார்ச் 31 அன்று உச்சியில் கொடி ஏறியது. இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், ஐந்து நாள். அன்றைக்கு லிஃப்ட் இன்னும் தயாராகவில்லை. ஈபிளும் வந்திருந்தவர்களும் படிக்கட்டில்தான் ஏறினார்கள். மொத்தம் 1,710 படிகள்.

இந்த எண்களைவிட ஓவியருக்கு முக்கியமானது வேறொன்று. 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டடம் எழுப்பும்போது பெரிய எதிரி எடை இல்லை, காற்று. காற்றுக்குப் பிடி கொடுக்காமல் இருக்க ஒரே வழி, பிடிப்பதற்கு எதையுமே வைக்காமல் இருப்பது. அதனால் சுவர் இல்லை. கால்களின் வளைவுகூட காற்றின் விசையைக் கணக்குப் போட்டு வந்த வளைவுதான். நெருங்கிப் போனால் கண்ணில் படுவது குறுக்கும் நெடுக்குமான கம்பிகளும் அவற்றுக்கு நடுவே நிறைய ஆகாயமும். தமிழில் நாம் இதைக் ‘கோபுரம்’ என்று சொல்வதே சற்றுத் தடம் மாற்றிவிடும் என்று தோன்றுகிறது. நம் கோயில் கோபுரத்துக்குக் கல்லில் கனத்த அடித்தளம் உண்டு, மேலே சுதை வேலை நிறைந்த முகம் உண்டு. வெயில் அதன்மேல் விழுந்து நிற்கும். ஈபிள் கோபுரத்தில் வெயில் நிற்பதே இல்லை; உள்ளே நுழைந்து, கம்பியில் பட்டுச் சிதறி, மறுபக்கம் போய்விடும். இரண்டடி நகர்ந்தால் முன்பக்கக் கம்பிகளும் பின்பக்கக் கம்பிகளும் வேறு மாதிரிப் பின்னிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒன்றுக்கு எது முகப்பு?

அன்றைய பெரிய ஓவியர்களுக்கு இது பிடிக்கவில்லை. வேலை தொடங்கிய சில நாட்களிலேயே, 1887 பிப்ரவரி 14 அன்று, ‘லெ தான்’ நாளிதழில் ஒரு கண்டன அறிக்கை வந்தது. எழுத்தாளர் மோப்பசான், பாரிஸ் ஓபரா அரங்கைக் கட்டிய ஷார்ல் கார்னியே, இசையமைப்பாளர் கூனோ ஆகியோரோடு புகேரோ, மெஸோனியே போன்ற ஓவியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். பாரிஸின் தலைக்கு மேல் ஒரு பூதாகாரக் கறுப்புத் தொழிற்சாலைப் புகைபோக்கி வரப்போகிறது என்பது அவர்களுடைய புலம்பல். அவர்களை ரசனை கெட்டவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கல்லும் சுவரும் நிழலும்தான் கட்டடம் என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய கண்கள் அவை.

கோபுரத்தை முதலில் விரும்பி வரைந்தவர்களில் ஒருவர் 29 வயது இளைஞரான ஜார்ஜ் சூரா. 1889-இல் அவர் வரைந்த கோபுரப் படம் இப்போது சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. 24 செ.மீ. உயரம்தான், ஒரு நோட்டுப் புத்தக அளவு. உலகத்தின் மிக உயரமான கட்டடத்தை அவ்வளவு சின்னப் பலகையில், வண்ணப் புள்ளிகளாலேயே வரைந்தார். ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என்று புள்ளிகள் மின்ன, மேலே போகப் போகக் கோபுரம் வானத்தில் கரைகிறது. லட்சக்கணக்கான சின்ன ஆணிகளால் ஆன கட்டடம், ஆயிரக்கணக்கான சின்னப் புள்ளிகளால் ஆன ஓவியம். இந்தப் பொருத்தம் தற்செயலாக வந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு ஆண்டுக்குள் சூரா இறந்துபோனார், 31 வயதில்.

சூராவின் புள்ளிகளுக்குப் பின்னால் மிஷெல் யூஜேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் இருக்கிறார். பாரிஸில் கோப்லன் என்ற அரசுத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளர். கறுப்பு நூலின் சாயம் வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தபோது, சாயத்தைச் சோதித்தவர் அதில் ஒரு குறையும் காணவில்லை. பக்கத்தில் ஓடும் நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. இரண்டு நிறங்கள் அருகருகே இருந்தால் கண் அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, ஒன்றை மற்றது மாற்றிவிடுகிறது என்று 1839-இல் ஒரு முழு நூலாகவே எழுதினார். பச்சைப் பட்டுக்கு அரக்குக் கரை வைத்தால் இரண்டும் எடுப்பாகத் தெரிவது இதனால்தான். ஓவியர்கள் அந்த நூலைப் பாடப் புத்தகம்போலப் படித்தார்கள். டெலோனேயும் படித்தார். ஷெவ்ரலைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

டெலோனே 1885-இல் பாரிஸில் பிறந்தவர். பொருட்காட்சி நடந்தபோது நான்கு வயதுக் குழந்தை. கோபுரம் இல்லாத பாரிஸ் அவருடைய நினைவில் இருந்திருக்கவே முடியாது. கண்டன அறிக்கையில் கையெழுத்திட்டவர்களுக்கும் அவருக்கும் இருந்த பெரிய வித்தியாசம் அதுதான். அவர்களுக்கு அது பிறகு வந்த இடைஞ்சல்; இவருக்கு மரம் மாதிரி, ஆறு மாதிரி, எப்போதும் அங்கே நிற்பது.

1909-இல் முதல் கோபுரப் படத்தை, தான் மணக்கப்போகும் சோனியாவுக்குக் காதல் பரிசாகவே வரைந்தார். சோனியாவும் ஓவியர், ரஷ்யப் பேரரசிலிருந்து பாரிஸுக்கு வந்தவர். படத்தின் மேலேயே டெலோனே சில சொற்களை எழுதி வைத்தார்: கோபுரம் பிரபஞ்சத்தோடு பேசுகிறது, இயக்கம், ஆழம், 1909, பிரான்ஸ்–ரஷ்யா.

பிரபஞ்சத்தோடு பேசுகிறது என்பது வெறும் கவிதை இல்லை. பொருட்காட்சி ஒப்பந்தப்படி கோபுரத்துக்கு 20 ஆண்டு ஆயுள்தான். 1909 முடிந்ததும் நகராட்சி நினைத்தால் பிரித்துவிடலாம். இதை முன்கூட்டியே உணர்ந்த ஈபிள், கோபுரத்துக்கு ஏதாவது ஒரு பயன் இருந்தாக வேண்டும் என்று விஞ்ஞானிகளை மேலே அழைத்துக்கொண்டே இருந்தார். வானிலைக் கருவிகள் வந்தன, காற்றியக்கச் சோதனைகள் நடந்தன. கடைசியில் காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தி. 1898-இல் உச்சியிலிருந்து பாரிஸிலேயே உள்ள பாந்தியோன் நினைவு மண்டபம் வரை சமிக்ஞை போனது. பிறகு ராணுவத்துக்காக கேப்டன் ஃபெரியே அங்கே நிலையம் அமைத்தார். 1910 மே மாதம் முதல் கடலில் போகும் கப்பல்களுக்குக் கோபுரம் நேரம் அறிவிக்கத் தொடங்கியது. அந்த ஆண்டே குத்தகை மேலும் 70 ஆண்டுக்கு நீண்டது.

ஆக, டெலோனே கோபுரத்தை வரைய உட்கார்ந்த ஆண்டு, அதன் ஆயுள் முடிவதாக இருந்த ஆண்டு. மைதானத்தின் மறுகோடியில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1889 பொருட்காட்சியின் இன்னொரு அதிசயம் இயந்திர மாளிகை. 420 மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 110 மீட்டருக்கும் மேல் தாண்டிப் போகும் இரும்பு வளைவுகள். பொறியியலில் கோபுரத்துக்கு எந்த விதத்திலும் குறையாதது. அதை 1910-இல் இடித்து முடித்தார்கள். உடன்பிறந்ததுபோல ஒன்றாக எழுந்த இரண்டு கட்டடங்களில் ஒன்று போய், மற்றது நிற்கிறது. படத்தின் பெயரில் மைதானத்தின் பெயரும் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலியிடம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஓரங்களில் வீடுகள் விலகி நிற்க, நடுவில் தனியாக எரியும் கோபுரத்தில் ஒரு பதற்றம் இருக்கிறது. அதை முழுக்க முழுக்க, பொருளைப் பல கோணங்களில் உடைத்து வரையும் கியூபிசப் பாணியின் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? 1911-இல் உண்மையான கோபுரம் சிவப்பாக இல்லை. கோபுரத்தின் நிறம் பலமுறை மாறியிருக்கிறது. கட்டும்போது பட்டறையிலேயே பூசியது ‘வெனிஸ் சிவப்பு’. 1892-இல் காவி கலந்த பழுப்பு. 1899-இல் அடியில் ஆரஞ்சு மஞ்சளில் தொடங்கி உச்சியில் வெளிர்மஞ்சளாகும் ஐந்து சாயல்கள். 1907-இல் மஞ்சள் கலந்த பழுப்பு. டெலோனே வெளியே எட்டிப் பார்த்தால் தெரிந்தது இந்தக் கடைசி நிறம்தான். அவர் வரைந்ததோ, நான்கு வயதில் பார்த்திருக்கக்கூடிய கோபுரத்தின் நிறத்துக்குப் பக்கத்தில் வரும் ஒன்று.

சிறுவயது நினைவா, ஷெவ்ரலின் பாடமா என்று கேட்டால் இரண்டையும்தான் சொல்வேன். சுற்றிலும் நீலமும் பச்சையும் சாம்பலும் இருக்கும்போது சிவப்பு முன்னால் குதித்து வரும். கோட்டால் காட்ட முடியாத உயரத்தை நிறத்தால் காட்டிவிடலாம்.

கோட்டால் ஏன் முடியாது? இந்தக் கோபுரத்தின் முக்கியமான சிக்கல் அது. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய ஓவியம் ஒரு கண், ஓர் இடம் என்ற ஏற்பாட்டில் நடந்துவந்தது. ஓவியர் ஓரிடத்தில் நிற்பார், கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும். ஈபிள் கோபுரத்தை அப்படி வரைய வேண்டுமானால் ஆற்றைத் தாண்டி ட்ரொகாதெரோ வரை பின்வாங்க வேண்டும். அங்கிருந்து முழுசாகத் தெரியும், ஆனால் மேசைமேல் வைத்த பொம்மைபோல ஆகிவிடும். நெருங்கினால் பிரம்மாண்டம் புரியும், முழு உருவம் கிடைக்காது. தலையை அண்ணாந்தால் உச்சி நம்மேல் சாய்கிறது, குனிந்தால் கால்கள் 125 மீட்டர் சதுரத்துக்கு விரிகின்றன. உருவம் வேண்டுமானால் தூரம் போக வேண்டும், அனுபவம் வேண்டுமானால் அடியில் நிற்க வேண்டும்.

டெலோனேயின் நண்பரும் கவிஞருமான பிளேஸ் சாந்திரார், அவர் இதோடு பட்ட பாட்டைப் பிற்பாடு விவரித்திருக்கிறார். தெரிந்த எந்த முறையும் உதவவில்லையாம். உள்ளதை உள்ளபடி வரைந்தால் கோபுரம் சிறுத்துப்போனது, கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும் பழைய விதிகளில் மெலிந்துபோனது. கடைசியில் டெலோனே அதை வெட்டினார், சாய்த்தார், அப்போதுதான் 300 மீட்டரின் தலைசுற்றல் படத்துக்குள் வந்தது. கீழிருந்து பார்த்த பகுதி, மேலிருந்து பார்த்த பகுதி, வலப்பக்கத்து வீடு, இடப்பக்கத்து வீடு எல்லாம் ஒரே கேன்வாஸில் சேர்ந்தன.

லிஃப்டில் ஏறும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒரு நொடி கம்பி, ஒரு நொடி வானம், கீழே சரியும் கூரைகள், மறுபடி கம்பி. 1889-இல் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் கோபுரத்தில் ஏறினார்கள். பாரிஸ் மக்கள் கண்ணால் பார்த்துவிட்ட ஒன்றை ஓவியம் எட்டிப்பிடிக்க இருபது ஆண்டு ஆகியிருக்கிறது.

பிக்காசோவும் பிராக்கும் அதே ஆண்டுகளில் பொருட்களைப் பல கோணங்களில் உடைத்து வரைந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் அறைக்குள் இருப்பவை: கிட்டார், கண்ணாடிக் குவளை, உட்கார்ந்திருக்கும் மனிதர். நிறம் பழுப்பும் சாம்பலும். வயலின் உடையாமல்தான் இருக்கிறது, உடைப்பது ஓவியரின் கை. டெலோனேயின் விஷயம் வேறு. அவர் எடுத்த பொருள் கட்டும்போதே துண்டு துண்டாக, நடுவில் இடைவெளியோடு கட்டியது. காற்றுக்கு வழிவிட ஈபிள் விட்ட ஓட்டைகளில் டெலோனே வெளிச்சத்தை விட்டார். ‘அழிவு’ என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். முனிச்சில் 1911 டிசம்பரில் நடந்த ‘நீலக் குதிரைவீரன்’ என்ற ஓவியர் குழுவின் முதல் கண்காட்சியில் இந்த வரிசைப் படம் ஒன்று இடம்பெற்றபோது ஜெர்மானிய ஓவியர்கள் அவ்வளவு ஈர்க்கப்பட்டதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நிறமும் வெளிச்சமுமே கட்டுமானமாக நிற்க முடியும் என்று அவர்கள் அதில் கண்டார்கள்.

சிவப்புக் கோபுரம் வந்து சேர்ந்த இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாரிஸ் கோபுரத்துக்குப் பதிலடியாக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று துடித்த ஊர் சிகாகோ. அதன் 1893 உலகப் பொருட்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் கட்டியதுதான் உலகின் முதல் பிரம்மாண்டமான ராட்டினம், 264 அடி உயரம். நம் திருவிழா ஜயண்ட் வீலின் மூதாதை. படம் இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டின் மூலக் கட்டடமும் அதே பொருட்காட்சியையொட்டி நடந்த மாநாடுகளுக்காகக் கட்டியதுதான். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் சர்வசமயப் பேரவையில் பேசியது அங்கேதான். அவரை அனுப்பிவைக்க அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டியதை நம்மில் பலர் படித்திருப்போம். ஒரு பொருட்காட்சிக்காக எழுந்த கோபுரம், இன்னொரு பொருட்காட்சிக்காக எழுந்த கூரையின் கீழ் படமாகத் தொங்குகிறது.

ராட்டினமும் டெலோனேயிடம் வந்து சேர்ந்தது. 1900 பாரிஸ் பொருட்காட்சிக்காக எழுந்த பெரிய ராட்டினம் அவர் காலத்தில் கோபுரத்துக்கு அருகிலேயே நின்றது. 1912-13-இல் வரைந்த ‘கார்டிஃப் அணி’ படத்தில் ரக்பி ஆட்டக்காரர்கள் பந்துக்காகத் துள்ள, அவர்கள் தலைக்கு மேல் ராட்டினம், கோபுரம், ஒரு விமானம். அதில் கோபுரத்துக்குப் பழைய பதற்றம் இல்லை. நிறங்கள் அகன்று பரவி, விளையாட்டுத் திடலின் மகிழ்ச்சி வந்துவிட்டது. 1922-இல் அதே மைதானத்தை மேலிருந்து பார்த்ததுபோலவும் வரைந்தார். பலூனிலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் அதற்கு உதவியது. அதில் கோபுரம் ஏறத்தாழத் தரையில் விரித்த கோலம்போல ஆகிவிடுகிறது.

பாரிஸ் 1937-இல் மறுபடி ஓர் உலகப் பொருட்காட்சி நடத்தியபோது, ரயில்வே மாளிகைக்கும் விமான மாளிகைக்கும் பிரம்மாண்டமான சுவரோவியங்கள் வரையும் வேலை ரொபேருக்கும் சோனியாவுக்கும் கிடைத்தது. சுழலும் வட்டங்கள், நிற வளையங்கள், விமானச் சுழலிகள். குழந்தையாக இருந்தபோது ஊரையே மாற்றிய பொருட்காட்சி ஒன்றுக்கு, ஐம்பது வயதைத் தாண்டியபின் அவரே நிறம் கொடுத்தார். நான்கு ஆண்டு கழித்து, போர் நடந்துகொண்டிருந்தபோது, மோன்பெலியேவில் இறந்தார்.

அப்புறம் ஷெவ்ரல். கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே நாலு பக்கமும் 72 பிரெஞ்சு விஞ்ஞானிகள், பொறியாளர்களின் பெயர்களை ஈபிள் பெரிய எழுத்துகளில் பொறித்து வைத்தார். அதில் ஷெவ்ரலின் பெயரும் உண்டு. கோபுரம் திறந்தபோது அந்தப் பட்டியலில் உயிரோடு இருந்த இருவரில் அவர் ஒருவர், வயது 102. உச்சியில் கொடி ஏறிய ஒன்பதாவது நாள், ஏப்ரல் 9 அன்று, காலமானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபுரத்துக்குப் புதிதாக வண்ணம் பூசியபோது 72 பெயர்களும் பூச்சுக்குள் மறைந்துபோயின. 1986-87-இல்தான் அவற்றை மீட்டார்கள். இன்று ஷான் த மார்ஸில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் அவற்றைத் திரும்பவும் படிக்கலாம்.